மாடியறையில் ராஜா வீட்டுக் குடித்தனம்

மதுரை வழியே ஓடும் வைகை, ராமநாதபுரம் பெரிய கண்மாயில் போய் முடிகிறது. அந்த ஊர் அரண்மனை வளாகத்தில் இருக்கிறது ராமலிங்க விலாசம். கட்டியவர் மன்னர் கிழவன் சேதுபதி. சுவர், தூண், விதானம் என்று இண்டு இடுக்கு விடாமல் ஓவியத்தால் நிரப்பியவர் அவருக்குப் பின் 1710-ல் பட்டத்துக்கு வந்த முத்து விஜய ரகுநாத சேதுபதி.

கீழ்த்தளம் ஊரார் பார்வைக்கானது. தஞ்சை மராட்டியரோடு நடந்த போர், தொப்பி போட்ட ஐரோப்பியர்களுக்குப் பேட்டி கொடுக்கும் மன்னர், ராஜராஜேசுவரி அம்மன் கையிலிருந்து செங்கோல் வாங்கும் காட்சி, ராமாயணக் கதை. பல படங்களுக்குத் தமிழிலேயே விளக்கம் எழுதியிருக்கிறார்கள். மாடிக்குப் போனால் உலகமே வேறு. அங்கே மன்னர் பெண்களோடு நீராடுகிறார், பாட்டுக் கேட்கிறார், கொஞ்சுகிறார். பெண்களின் உடல்களையே வளைத்துக் கோத்துச் செய்த யானையும் குதிரையும்கூட உண்டு. ஒருத்தியின் கை எங்கே முடிகிறது, தும்பிக்கை எங்கே தொடங்குகிறது என்று தேடுவதே தனி விளையாட்டு.

செய்முறையைப் பார்ப்போம். அந்தக் காலத்துத் தமிழகச் சுவரோவியங்கள் பெரும்பாலும் காய்ந்த சுண்ணாம்புப் பூச்சின்மேல் வரைந்தவை. பூச்சு ஈரமாக இருக்கும்போதே வரைந்தால், சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக் கல்லாக இறுகும். வண்ணமும் அதற்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். ஆனால் காய்வதற்குள் படத்தை முடித்தாக வேண்டும். காய்ந்த பூச்சில் அந்த அவசரம் இல்லை. காவி, மஞ்சள் காவி, விளக்குக்கரி, சுண்ணாம்பு வெள்ளை ஆகியவற்றைப் பசையில் குழைத்து, கோட்டுக்குள் சீராக நிரப்பிவிட்டு, கடைசியில் மெல்லிய தூரிகையால் கறுப்பு விளிம்பு இழுப்பார்கள். நிழல், ஆழம் எதுவும் கிடையாது. மூக்குத்தி, முத்துச்சரம், சேலைக்கரை என்று மணிக்கணக்காக உட்கார்ந்து நுணுக்கம் செய்ய இந்த முறைதான் தோது. இதற்கு விலை இல்லாமல் இல்லை: வண்ணத்தைச் சுவரில் பிடித்து வைத்திருப்பது அந்தப் பசைதான். மழைநீர் கசிந்தால் பசை விட்டுப்போகும், வண்ணம் செதிலாக உதிரும்.

மன்னரின் முகத்தை நான் அவ்வளவாக நம்புவதில்லை. சம்பளம் கொடுப்பவரை யார் அழகில்லாமல் வரைவார்? பக்கத்தில் நிற்கும் பணிப்பெண்களைப் பாருங்கள். கவரி பிடித்த கை, கொண்டை, உடம்பு தெரியும் மெல்லிய துணி, அதில் விழுந்த பூ வேலை. இவற்றில் பொய் சொல்ல ஓவியருக்குத் தேவையே இல்லை. 300 வருடத்துக்கு முந்தைய ஒரு பெரிய வீட்டின் நடமாட்டம் அங்கேதான் கிடைக்கிறது. அடுப்படி மட்டும் கண்ணில் படாது. ராஜா அங்கே போனால்தானே!

சேதுபதி பட்டமேறிய அதே 1710-ல்தான் ஜெர்மனியின் மைசன் ஊரில் பீங்கான் ஆலை தொடங்கியது. பின்னாளில் கென்ட்லர் என்ற சிற்பி, அகலப் பாவாடைச் சீமாட்டிகளும் காதலர்களும் உட்கார்ந்து காபியோ சாக்லேட்டோ குடிப்பதைச் சிறு பொம்மைகளாக அங்கே வடித்தார். அவை ஐரோப்பிய மாளிகைகளின் மேசைகளை அலங்கரித்தன. அங்கேயும் எடுபிடிக்கு ஆள் உண்டு, சமையல்கட்டு கிடையாது.

மைசன் பொம்மைகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டிவைக்கலாம். சுவரை அப்படிப் பூட்ட முடியாது. ராமலிங்க விலாசம் இப்போது தமிழகத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. போகிறவர்கள் ஃபிளாஷ் போடாமல், சுவரில் கை வைக்காமல் பார்த்துவிட்டு வரலாம்.