வைகறையில் வந்த சூப்

துன்பம் சூழ்ந்த காலத்தில் மனிதனை வாழவைப்பது எது? உடல் வலிமையா? கல்வியா? மன உறுதியா? மரணத்தின் வாயிலிலிருந்து மீண்ட எழுத்தாளர் ஒருவர் இவ்வினாவுக்குத் தந்த விடை வியப்புக்குரியது. தாம் உயிரோடிருப்பதற்குக் காரணம் ஒரு கொத்தனார் என்றார் அவர்!

இத்தாலியின் தூரின் நகரில் 1919-ஆம் ஆண்டு பிறந்தவர் பிரிமோ லேவி. வேதியியல் கற்றவர்; யூத இனத்தவர். இரண்டாம் உலகப் போரின்போது கைதான அவர், 1944 பிப்ரவரியில் 650 பேரோடு சரக்கு வண்டியில் அடைக்கப்பட்டு, போலந்து மண்ணில் நாசிகள் அமைத்திருந்த ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அங்கே அவருடைய பெயர் பறிக்கப்பட்டது. 174517 என்ற எண் கையில் பச்சை குத்தப்பட்டது. பசியும் குளிரும் அடியும் அன்றாட வாழ்வாயின. ஒரு துண்டு ரொட்டிக்காக மனிதனை மனிதன் வஞ்சிக்கும் நிலை அங்கே நிலவியது.

அவ்வாண்டு ஜூன் மாதத்தில், முகாமையடுத்த தொழிற்சாலையில் சுவர் எழுப்பிய கொத்தனார்களுக்குச் சிற்றாளாக லேவி அனுப்பப்பட்டார். அவர்களுள் ஒருவர் பேசியது லேவியின் சொந்த வட்டாரத்துப் பேச்சு! அவர்தாம் ஃபொசானோ ஊரினரான லொரென்சோ பெரோனே. அவர் கைதி அல்லர். கூலி வேலைக்கு வந்த இத்தாலியத் தொழிலாளி. கைதிகளோடு உறவாடுவது கடுந்தண்டனைக்குரிய குற்றம் என்பதை அவர் அறியாதவர் அல்லர். எனினும் சில நாள்களில் ஒரு பாத்திரம் நிறையச் சூப் கொண்டுவந்து லேவியிடம் நீட்டினார்.

அன்று தொடங்கியது ஆறு மாதங்கள் நீடித்தது. தோழர்கள் உறங்கும் வைகறை மூன்று மணிக்கு எழுந்து, சமையற்கூடத்தில் மிஞ்சியதைச் சுரண்டிச் சேர்ப்பார். அதில் சில நாள் பழக்கொட்டைகள் கிடக்கும். ஒருமுறை சிட்டுக்குருவியின் சிறகொன்று இறகோடு மிதந்தது! லேவியும் அவர் நண்பர் ஆல்பெர்ட்டோவும் அதனைப் பகிர்ந்துண்டனர். கிழிந்து ஒட்டுப்போட்ட தம் மேலாடையையும் லொரென்சோ தந்தார். லேவி உயிரோடிருக்கும் செய்தியை அஞ்சலட்டையில் எழுதி இத்தாலிக்கு அனுப்பி, பதிலையும் பெற்றுத் தந்தார்.

கைம்மாறாக எதனையும் அவர் ஏற்கவில்லை. தம் கிழிந்த காலணியைச் செப்பனிட்டுத் தர மட்டுமே இசைந்தார். ஒருநாள் சூப்பில் மண்ணும் கல்லும் கிடந்தன. பாத்திரம் அழுக்காகிவிட்டதெனக் கூறி வருந்தினாரேயன்றி, வேறொன்றும் உரைக்கவில்லை. வழியில் குண்டு விழுந்து அவருடைய செவிப்பறை கிழிந்திருந்ததை லேவி அறிந்தது போர் முடிந்த பின்னரே. பெற்றவர் மனத்தில் கடன் சுமை ஏறலாகாது என்று அவர் கருதினார். வேறு கைதிகளுக்கும் அவர் உதவியிருந்ததும் பின்னரே தெரியவந்தது. எத்துணை உயர்ந்த உள்ளம்!

1945-இல் முகாமிலிருந்து மீண்ட லேவி, 1947-இல் வெளியிட்ட தம் நூலில் லொரென்சோவை நன்றியோடு நினைவுகூர்ந்தார். அந்தச் சூப்பைவிடப் பெரிதாக அவர் போற்றியது ஒன்றுண்டு: வெளியே இன்னும் நேர்மையான ஓர் உலகம் இருக்கிறது, தானும் ஒரு மனிதனே என்பதை லொரென்சோ தம் எளிய இருப்பால் நாள்தோறும் நினைவூட்டினார் என்பதே அது. பசித்த வயிற்றைவிடப் பசித்த நம்பிக்கைக்கன்றோ அவர் உணவளித்தார்!

ஆனால் லொரென்சோவின் இறுதி நாள்கள் துயரமானவை. பல மாதங்கள் நடந்தே ஊர் திரும்பிய அவர், கண்ட கொடுமைகளால் வாழ்வில் பற்றிழந்தார், கொத்து வேலையை விட்டார், குடியில் மூழ்கினார். நோயுற்ற அவரை லேவி மருத்துவமனையில் சேர்த்தார். அங்கிருந்தும் அவர் வெளியேறினார். 1952-இல் உயிர் நீத்தார். காப்பாற்றப்பட்டவரால் தம்மைக் காத்தவரைக் காக்க இயலவில்லை. லேவி தம் மகளுக்கு லிசா லொரென்சா என்றும், மகனுக்கு ரென்சோ என்றும் பெயரிட்டார். யூதரைக் காத்த நேர்மையாளருள் ஒருவராக லொரென்சோவை இஸ்ரயேல் நாட்டின் யாத் வாஷெம் நிறுவனம் 1998-இல் அறிவித்தது.

அன்பு வாசகர்களே, வழியில் அடிபட்டுக் கிடந்தவனைக் கண்ட சமாரியன் அவனுடைய குலத்தையா வினவினான்? நாமோ பெரிய உதவி செய்யும் நாள் வரட்டும் எனக் காத்திருந்து, சிறிய உதவிக்குரிய நாளை இழந்துவிடுகிறோம். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் துணையின்றி அமர்ந்திருப்பவருக்கு ஒரு குவளைக் கஞ்சி, எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு ஒரு விண்ணப்பம், துக்க வீட்டின் வாசலில் ஒரு குடம் தண்ணீர்: இவை நம்மால் இயலாதவையா? கொடுப்பதை ஓசையின்றிக் கொடுப்போம். கொடுத்துக் கொடுத்துக் களைத்துப்போனவர் நம் அருகில் இருந்தால், அவரையும் மறவாதிருப்போம். அவருக்கும் ஒருவர் சூப் கொண்டுவர வேண்டுமல்லவா?