முத்துத் துளி விழுந்த கண்

சார்மினாருக்கு அருகே பத்தர்கட்டியின் முத்துக் கடைகளைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு ஒரு நோயின் பெயர் நினைவுக்கு வரும். ஐதராபாத்தில் உருது பேசுகிறவர்கள் கண்புரையை ‘மோதியாபிந்த்’ என்பார்கள். முத்துத் துளி. முற்றிய புரையை நேரில் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயரின் பொருத்தம் தெரியும். கண்ணின் பாப்பா நடுவே ஒரு வெள்ளை முத்தைப் பதித்தது போலவே இருக்கும். தெலுங்கு வீடுகளில் அதுவே ‘சுக்லாலு’. வெண்மை என்ற பொருளில் வந்த சொல்.

இந்த முத்து விளைய அறுபது, எழுபது ஆண்டுகள் ஆகும். கண்ணுக்குள் இருக்கும் வில்லை ஒரு விசித்திரமான உறுப்பு. அதில் ரத்தக் குழாய் கிடையாது, நரம்பு கிடையாது. உள்ளே இருக்கும் செல்கள், ஒளிக்கு வழிவிடுவதற்காகத் தம் உட்கருவையே கரைத்துக்கொண்டவை. உட்கரு இல்லாத செல் புதிதாகப் புரதம் செய்ய முடியாது. ஆகவே வில்லையின் மையத்தில் இருக்கும் கிரிஸ்டலின் என்ற புரதம், நாம் தாயின் வயிற்றில் இருந்தபோது உருவானதேதான். தோல் எத்தனையோ முறை உரிந்து மாறிவிடும். எழுபது வயதுக்காரரின் கண்ணுக்குள் எழுபது வயதுப் புரதம் அப்படியே உட்கார்ந்திருக்கும். அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கலந்த கார்பன்-14ஐ வைத்து, இறந்தவரின் கண்வில்லையிலிருந்தே அவர் பிறந்த ஆண்டைக் கணிக்கலாம் என்று டென்மார்க் ஆய்வாளர்கள் 2008-இல் காட்டினார்கள்.

இத்தனை காலம் வெயிலையும் வேதிமாற்றங்களையும் தாங்கிய புரதம் கடைசியில் கட்டிகட்டியாகத் திரளும். முட்டை வேகும்போது கண்ணாடி போன்ற கரு வெள்ளையாவதை நினைத்துக்கொள்ளுங்கள். வெந்த முட்டையைப் பச்சை முட்டையாக்க முடியாதது போல, சொட்டு மருந்தால் புரையைக் கரைக்கவும் முடியாது. வில்லையை எடுத்துவிட்டு வேறு வைக்க வேண்டியதுதான்.

“இன்னும் முற்றட்டும்” என்று தள்ளிப்போடுகிற வழக்கம் நம் வீடுகளில் இன்றும் இருக்கிறது. ஒரு காலத்தில் அதில் நியாயம் இருந்தது. அன்று வில்லையை எடுத்தால் எடுத்ததுதான், பதிலுக்கு ஒன்றும் வைக்க மாட்டார்கள். அப்புறம் வாழ்நாள் முழுக்கச் சோடாபுட்டிக் கண்ணாடி. அதற்குக் கொஞ்சம் மங்கலே மேல் என்று காத்திருந்தார்கள். லண்டனில் ஹரால்டு ரிட்லி 1949 நவம்பர் 29 அன்று இந்தக் கணக்கை மாற்றினார். போர் விமானிகளின் கண்ணில் தெறித்துத் தங்கிய விமானக் கூரையின் அக்ரிலிக் சில்லுகளைக் கண் வெறுத்து ஒதுக்கவில்லை என்று அவர் கவனித்திருந்தார். அதே வகைப் பிளாஸ்டிக்கில் வில்லை செய்து வைத்தார். அவருடைய துறைக்காரர்களே அவரைத் திட்டித் தீர்த்தார்கள். 1967-இல் அமெரிக்காவின் சார்லஸ் கெல்மன், பல் மருத்துவர் பற்களைச் சுத்தம் செய்யும் அல்ட்ராசவுண்ட் கருவியிலிருந்து யோசனை பிடித்து, புரையை உள்ளேயே உடைத்து உறிஞ்சும் முறையைக் கொண்டுவந்தார். மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவான கீறல், சுருட்டி நுழைக்கும் லென்ஸ், தையல்கூட வேண்டாம். இப்போது முற்றவிடுவதுதான் தொல்லை. கல்லாக இறுகிய புரையை உடைக்க அதிக சக்தி வேண்டும். அன்றாட வேலைக்கு மங்கல் இடைஞ்சலாகும் நாளே அறுவைக்கு உரிய நாள்.

ஐதராபாத் பஞ்சாரா ஹில்ஸில் இருக்கும் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனையின் பெயருக்குப் பின்னாலும் லென்ஸ்தான் இருக்கிறது, சினிமா லென்ஸ். ‘மனோகரா’வையும் ‘மிஸ்ஸியம்மா’வையும் இயக்கிய அதே பிரசாத்தான். இந்தி, தமிழ், தெலுங்கு மூன்றின் முதல் பேசும் படங்களிலும் நடித்தவர். அமெரிக்காவிலிருந்து திரும்பிய டாக்டர் குல்லப்பள்ளி நாகேஸ்வர ராவ் 1980களில் இந்த நிறுவனத்தைத் தொடங்கியபோது, பிரசாத் ஐந்து ஏக்கர் நிலமும் ஒரு கோடி ரூபாயும் கொடுத்தார். இந்நிறுவனத்தார் 1996 முதல் 2000 வரை ஆந்திரத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் கண்களைச் சோதித்தார்கள். பார்வையிழப்புக்கு முதல் காரணம் கண்புரை. அடுத்து வந்தது, கண்ணாடி போட்டாலே தீரக்கூடிய குறை.

இன்று எந்தக் கண் மருத்துவமனையிலும் பரிசோதனை முடிந்ததும் கவுன்சலர் மேசைக்கு அனுப்புவார்கள். விலைப்பட்டியல் வரும். மோனோஃபோகல், மல்டிஃபோகல், டிரைஃபோகல். கீழே போகப் போக விலை ஏறும். “அப்பாவுக்கு நல்லதாகவே வைத்துவிடுங்கள்” என்று மகன் கடைசி வரியைக் காட்டுவார். அவருடைய பாசம் புரிகிறது. ஆனால் எந்த லென்ஸ் வைத்தாலும் புரை ஒரே மாதிரிதான் போகும். மல்டிஃபோகலுக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் இன்னொரு கோளாறுக்கு.

அந்தக் கோளாறு வெள்ளெழுத்து. நாற்பதை ஒட்டி வில்லை இறுகி, கிட்டத்தில் குவிக்கும் திறனை இழக்கிறது. இதற்குத் தமிழில் சாளேசுரம் என்றும் ஒரு பழைய பெயர் உண்டு; அதற்குள் ஒளிந்திருப்பது சாலீஸ் என்ற இந்துஸ்தானி நாற்பது. தெலுங்கில் ‘சத்வாரம்’, அது சமஸ்கிருத நாற்பது. எந்த மொழிக்காரர் கண்ணும் ஒரே வயதில்தான் மக்கர் பண்ணியிருக்கிறது! செயற்கை லென்ஸும் அப்படித்தான், குவியத்தை மாற்றிக்கொள்ளாது. மோனோஃபோகலுக்கு ஒரே தூரம்தான் தெளிவு. வழக்கமாகத் தொலைவுக்கு வைப்பார்கள், படிக்க மட்டும் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம்.

மல்டிஃபோகல் இதைச் சமாளிக்கும் விதம் அழகானது. ஆறு மில்லிமீட்டர் லென்ஸின் மேல் வட்டம் வட்டமாகப் படிக்கட்டுகள். ஒரு படியின் உயரம் ஓரிரண்டு மைக்ரான், தலைமுடித் தடிமனில் மிகச் சிறு பங்கு. படிகளைத் தாண்டும் ஒளியலைகள் ஒன்றோடொன்று மோதிச் சேர்ந்து, ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் குவிகின்றன. சமமாகப் பிரிக்கும் அமைப்பில் தொலைவுக்குச் சுமார் 41 விழுக்காடு, கிட்டத்துக்கு 41. மீதி 18 எதற்கும் உதவாமல் சிதறும். டிரைஃபோகல் இதையே மூன்றாகப் பங்கு போடும். கண்ணுக்குள் வரும் ஒளி என்னவோ அதேதான். பாகப்பிரிவினை நடந்தால் ஒவ்வொருவர் பங்கும் குறையத்தானே செய்யும்?

பகல் வெளிச்சத்தில் அந்தக் குறை உறைக்காது. இரவில் உறைக்கலாம். ஷம்ஷாபாத் விமான நிலையத்துக்கு அவுட்டர் ரிங் ரோட்டில் கார் ஓட்டுகிறீர்கள் என்று வையுங்கள். எதிரே வரும் விளக்கின் ‘தொலைவுப் பங்கு’ விழித்திரையில் கூர்மையாக விழும். ‘கிட்டப் பங்கு’ அங்கே குவியாமல் அதைச் சுற்றி மங்கலான வட்டமாகப் பரவும். விளக்குக்கு விளக்கு ஒளிவளையம். மூளை சில மாதங்களில் இதைக் கண்டுகொள்ளாமல் இருக்கப் பழகிவிடும். பெரும்பாலோர் பழகி, கண்ணாடியைத் தூக்கிப்போட்டுச் சந்தோஷமாக இருக்கிறார்கள். பழகாத சிலருக்கு லென்ஸை மாற்ற வேண்டி வரும். அது வைத்ததைப் போல லேசான வேலை இல்லை. லென்ஸைத் தாங்கும் பையின் பின்சுவர் நான்கு மைக்ரான் அளவுதான் இருக்கும், நாளாக ஆக அது லென்ஸோடு ஒட்டிக்கொள்ளும்.

கிளாக்கோமா, விழித்திரையில் சர்க்கரை நோயின் பாதிப்பு, மேக்குலா தேய்வு இருப்பவர்களுக்கு ஏற்கெனவே வெளிச்சம், இருள் வேறுபாட்டைப் பிரித்தறியும் திறன் குறைவு. அவர்களிடமிருந்து இன்னும் ஒளியைப் பறிப்பது சரியல்ல என்பதால் பொதுவாக மருத்துவர்களே மல்டிஃபோகல் வேண்டாம் என்பார்கள். காப்பீடு பெரும்பாலும் ஒரு வரம்புக்கு மேல் தராது. மோனோஃபோகலை மட்டமான சரக்கு என்று நினைக்கவும் வேண்டாம். மதுரை அரவிந்த் மருத்துவமனையைச் சேர்ந்த ஆரோலேப் 1992-இல் இங்கேயே லென்ஸ் செய்யத் தொடங்கி விலையைத் தரையிறக்கிய பிறகு, உலகின் பல மூலைகளில் ஏழைகள் பார்வை பெற்றது இந்த லென்ஸால்தான்.

ஆகவே அந்த மேசையில், எது உயர்ந்தது என்று விசாரிப்பதற்கு முன் நீங்கள் ஒரு நாளில் எந்தத் தூரத்தை அதிகம் பார்க்கிறீர்கள் என்று சொல்லுங்கள். பூத் தொடுக்கிறீர்களா, லேப்டாப்பா, ராத்திரி வண்டி ஓட்டமா? முதல் கண்ணுக்கும் இரண்டாவதற்கும் இடையே சில வாரம் விட்டால், முதல் கண்ணே பாதி பதில் சொல்லிவிடும்.

பத்தர்கட்டியில் நாள் முழுக்கக் குனிந்து முத்து கோக்கிறவருக்கு என்ன வைப்பது? மோனோஃபோகலையே கை எட்டும் தூரத்துக்குக் குவியம் பார்த்து வைக்கச் சொல்லலாம். அவர் கண்ணாடி இல்லாமல் முத்துக்கு முத்து நிறம் பிரிப்பார், முழு ஒளியில். கடையைப் பூட்டிவிட்டுத் தெருவில் இறங்கும்போது, சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு சார்மினாரைப் பார்ப்பார்.