விளையாட்டே பாடம்

சென்ற விடுமுறையில் கொச்சி நகரின் இடப்பள்ளியில் என் அத்தை வீட்டில் தங்கியிருந்தேன். வளர்ச்சியில் பின்தங்கிய சிறு குழந்தைகளுக்கான பள்ளி ஒன்றில் அத்தை உதவியாளர். "வீட்டிலே சும்மா கிடப்பானேன், வாடா" என்று ஒரு நாள் என்னையும் அழைத்துச் சென்றார்.

எட்டுக் குழந்தைகள், எல்லோரும் ஆறு வயதுக்கு உட்பட்டவர்கள். ஒருத்தி மணலை அளைந்துகொண்டிருந்தாள். ஒருவன் தட்டிலிருந்த மஞ்சாடி விதைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் குப்பியில் போட்டுக்கொண்டிருந்தான். வாயில் போட்டுவிடாதபடி அத்தை அருகிலேயே அமர்ந்துகொண்டார். "பாடம் எப்போது தொடங்கும்?" என்று வினவினேன். ஆசிரியை சிரித்துவிட்டார். பெருவிரலும் சுட்டுவிரலும் கூடி விதையை எடுக்கின்றனவே, அந்தப் பிடிதான் நாளை பென்சிலைப் பிடிக்கும், சட்டைப் பொத்தானைப் போடும் என்று விளக்கினார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

எனக்கும் ஒரு வேலை கிடைத்தது. நான்கு வயதுப் பையன், தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை, ஆட்டிசம் உடையவன், பேச்சு இன்னும் வரவில்லை. அவனெதிரே அமர்ந்து, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று சொல்லிப் பந்தை உருட்டவேண்டும். பலமுறை உருட்டிப் பழகியபின், "ஒண்ணு, ரெண்டு" என்றதோடு நிறுத்திக் காத்திருக்கவேண்டும். எனக்கோ பொறுமை இல்லை. இரண்டு நொடியில் நானே "மூணு" என்றேன். "அவன் முறையை நீங்கள் ஏன் பறிக்கிறீர்கள்?" என்றார் ஆசிரியை.

அந்த மௌனத்தில்தான் பாடம் இருக்கிறதாம். அடுத்து என்ன வரும் என்று குழந்தைக்குத் தெரியும். வராததால் அதைக் கேட்கத் தோன்றும். சொல்லாகக் கேட்க வேண்டுமென்பதில்லை. ஒரு பார்வையோ கையசைவோ போதும். உடனே பந்து போய்ச் சேரவேண்டும். நான்காம் நாள் அவன் நிமிர்ந்து என் கண்ணைப் பார்த்து "ஊ" என்றான். என் கை நடுங்கியது. பந்து கோணலாக ஓடிற்று.

இம்முறை புதிதன்று. மரத்துளைகளில் அளவறிந்து பொருத்தும் உருளைகளை மழலையர் பள்ளிகளில் கண்டிருப்பீர்கள். ஒன்றைத் தவறாகப் பொருத்தினால் மற்றொன்று இடமின்றி நிற்கும்; பிழையைக் குழந்தை தானே காணும். இவ்வகைக் கருவிகளின் மூலம் இத்தார், செகுவென் என்னும் பிரெஞ்சு மருத்துவர்களின் முயற்சிகள். ரோம் நகரில் மாண்டிசோரி அம்மையார் அவற்றை முதலில் கையாண்டது அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளிடம். 1907-இல்தான் மற்றக் குழந்தைகளிடம் கொண்டுசென்றார். 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து நம் ஆசிரியர்களுக்கும் பயிற்சி அளித்தார். நாம் ஆடிய ஆட்டங்களை நமக்கு முன்னர் ஆடிக் காட்டியவர்கள் இக்குழந்தைகளே.

குழந்தையின் மூளை விரைந்து வளர்வது முதல் சில ஆண்டுகளில். ஆனால் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், நாற்பது விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுடைய குழந்தைகளுக்குத் தரும் இலவசக் கல்வி உரிமை ஆறு வயதில்தான் தொடங்குகிறது. அந்தப் பையனுக்கு அதற்கு இன்னும் இரண்டு ஆண்டுகள் உள்ளன. அவன் தாய் காத்திருக்கவில்லை. மட்டாஞ்சேரியிலிருந்து இரண்டு பேருந்து மாறி நாள்தோறும் அவனைக் கூட்டி வருகிறார்.