ரேஷன் அரிசியும் மலையின் ராகியும்

"காலையில் என்ன சாப்பிட்டாய்?" என்று வகுப்பில் கேட்டேன். பர்கூர் மலையிலிருந்து வந்து படிக்கும் மாணவன் "சோறு" என்றான். இடைவேளையில் அவன் தம்பி வந்து, "களி சார். சொன்னா சிரிப்பாங்கன்னு அண்ணன் சொல்லல" என்றான். அன்றுதான் நம் பாடத்தில் விடுபட்டது எது என்று எனக்குப் புரிந்தது.

அந்தியூருக்கு மேலே பர்கூர் மலையில் சோளகர், லிங்காயத்து மக்கள் வாழ்கிறார்கள். ராகி, சாமை, தினை, கீரை, காட்டுக் கிழங்கு, தேன் ஆகியவை மலைவாழ் மக்களின் பழைய உணவு. தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷனில் விலையில்லா அரிசி கிடைக்கிறது. பசியைப் போக்கியதில் அதன் பங்கு பெரிது. அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் சாமையையும் தினையையும் குத்திப் புடைக்க வேண்டும். காட்டுப்பன்றியிடமிருந்து பயிரைக் காக்க இரவெல்லாம் விழித்திருக்க வேண்டும். அரிசி கையில் இருக்கும்போது இந்தப் பாடு எதற்கு என்று தோன்றுவது இயல்பே. விதைப்பு நின்றால் விதையும் போகும். அதைப் பற்றிய அறிவும் போகும்.

அமெரிக்கப் பழங்குடியினரின் அனுபவமும் இதுவே. நிலத்தை இழந்த அவர்களுக்கு அரசு மாவு, கொழுப்பு, சர்க்கரை கொடுத்தது. அதிலிருந்து பிறந்த பொரித்த ரொட்டியே பின்னாளில் அவர்கள் உணவாக அறியப்பட்டது. எதைப் பயிரிடுவது, எதை உண்பது என்பதை மக்களே முடிவு செய்யும் உரிமையை 'உணவு இறையாண்மை' என்கிறோம். 1996-இல் 'லா வியா கம்பெசினா' என்ற உலக உழவர் இயக்கம் இக்கருத்தை முன்வைத்தது.

வழி இல்லாமல் இல்லை. 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அரிசி, கோதுமையுடன் சிறுதானியத்துக்கும் இடமுண்டு. 2023-இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ ராகி வழங்கும் திட்டம் தொடங்கியது. உள்ளூரில் விளைந்ததையே கொள்முதல் செய்தால் ரேஷன் கடையே மலை விவசாயிக்குச் சந்தையாகும்.

வகுப்பில் நாம் செய்யக்கூடியவை:

• தொடக்க வகுப்பு: பாட்டி, தாத்தாவிடம் கேட்டு ஐந்து தானியங்களின் பெயர், விதைக்கும் மாதம், சமைக்கும் முறை எழுதி வரச் சொல்லலாம்.

• நடுநிலை வகுப்பு: 100 கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம், தீட்டிய அரிசியில் ஏறத்தாழ 10 மட்டுமே. இதைப் பட்டை வரைபடமாக்கலாம்.

• உயர்நிலை வகுப்பு: குடும்ப அட்டையில் கிடைக்கும் பொருள்களையும் ஊரில் விளைபவற்றையும் ஒப்பிட்டு விவாதிக்கலாம்.

அரிசி தாழ்ந்தது, ராகி உயர்ந்தது என்று முடித்துவிடக் கூடாது. களி சாப்பிட்ட பிள்ளை "களி" என்று கூச்சமின்றிச் சொல்ல வேண்டும். அதுவே இந்தப் பாடத்தின் கற்றல் விளைவு.