பல துறை கூடிய ஆராய்ச்சிப் படிப்பும் நமது சங்கங்களும்

‘நிலைத்த வளர்ச்சி’ என்னும் சொற்றொடர் இந்நாளில் எங்கும் வழங்கி வருகிறது. இதற்கென்று பல்கலைக் கழகங்களில் டாக்டர் பட்டப் படிப்புகளும் ஏற்பட்டுள்ளன. எலவனாசூர்கோட்டை வட்டாரத்தில் கரும்பு பயிரிடுவோருக்கும் தறியில் அமர்ந்திருப்போருக்கும் இவற்றால் ஆவது என்ன என்று அங்கத்தினர்கள் கேட்பது நியாயமே. அதற்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் சொல்லின் பொருளைக் காண்போம். நார்வே நாட்டின் பிரதமராயிருந்த புருண்ட்லாண்ட் அம்மையாரின் தலைமையில் ஐக்கிய நாடுகள் சபை அமைத்த குழு, 1987-ஆம் ஆண்டில் தன் அறிக்கையை வெளியிட்டது. இன்றைய தலைமுறை தன் தேவைகளை நிறைவு செய்து கொள்ளும்போது, வருந் தலைமுறை தன் தேவைகளை நிறைவு செய்து கொள்ளும் ஆற்றலைக் கெடுத்துவிடலாகாது என்பதே அவ்வறிக்கையின் சாரம். விதை நெல்லைக் குற்றி உண்ணாத குடியானவனுக்கு இது புதிய பாடமன்று. 2015-ஆம் ஆண்டில் உலக நாடுகள் கூடி, 2030-க்குள் எய்த வேண்டிய 17 குறிக்கோள்களை வகுத்தன. வறுமை ஒழிப்பு, தூய நீர், நல்ல வேலை ஆகியவை அவற்றுட் சில.

இக்குறிக்கோள்களை ஆராய ஒரு துறையின் அறிவு ஏன் போதாது? திருப்பூரில் நொய்யல் ஆற்றுக்கு நேர்ந்த கதி இதற்குத் தக்க சான்று. பருத்தி நூலில் சாயம் பிடிப்பதற்கு உப்பை மிகுதியாகச் சேர்க்கிறார்கள். சாயம் நூலில் ஏறிய பின்னும் உப்பு நீரிலேயே தங்கிவிடுகிறது. சாயச் சாலைகளின் கழிவு நீர் ஆற்றில் கலக்கவே, பொது சுத்திகரிப்பு நிலையங்களை அமைத்தார்கள். அவை நிறத்தை நீக்கின. கரைந்த உப்பை நீக்கவில்லை. பாசனத்திற்கென்று கட்டப்பட்டு 1992-இல் நிறைவெய்திய ஒரத்துப்பாளையம் அணை, கழிவு நீர்த் தேக்கமாக மாறியது. கீழ்ப்புறத்து உழவர்களின் கிணறுகளும் நிலங்களும் கெட்டன. அவர்கள் நீதிமன்றத்தை நாடினர். 2011-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றம் சாயச் சாலைகளை மூட ஆணையிட்டது. தொழிலாளர் பலர் வேலையின்றித் தவித்தனர். பின்னர், கழிவு நீரில் ஒரு சொட்டும் வெளியே விடாமல் மீண்டும் பயன்படுத்தும் முறையைக் கொண்டுதான் ஆலைகள் இயங்கலாயின. அம்முறைக்கு மின்சாரமும் எரிபொருளும் மிகுதியாகச் செலவாகின்றன; எஞ்சும் உப்புக் கசடை என் செய்வது என்பது இன்னொரு சிக்கல்.

இதில் யாரைக் குறை கூறுவது? ரசாயனம் அறிந்தவர் நிறத்தைக் கண்டார்; பொறியாளர் அணையைக் கண்டார்; பொருளாதாரம் கற்றவர் ஏற்றுமதியைக் கண்டார்; சட்டம் அறிந்தவர் விதியைக் கண்டார். நூலும் நீரும் நிலமும் கூலியும் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதை ஒருங்கே கண்டு, முன்கூட்டிச் சொல்லும் பயிற்சி அருகியிருந்தது. நெசவாளரும் உழவரும் எதிரெதிரே நிற்க நேர்ந்தது இதனாலேயே.

அப்பயிற்சியைத் தருவதே பல துறை கூடிய ஆராய்ச்சிப் படிப்பு. அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக் கழகம் 2004-ஆம் ஆண்டில் நிலைத்த வளர்ச்சிக்கெனத் தனி டாக்டர் பட்டப் படிப்பைத் தொடங்கியது. அங்கே மாணவர் பொருளாதாரத்தோடு இயற்கை விஞ்ஞானத்தையும் கற்றாக வேண்டும். பெங்களூரில் 1996-இல் ஏற்பட்ட ‘ஏட்ரீ’ என்னும் சூழலியல் ஆராய்ச்சி அறக்கட்டளையும் இத்தகைய டாக்டர் பட்டப் படிப்பை நடத்தி வந்திருக்கிறது. அதன் கள நிலையம் ஒன்று திருநெல்வேலி மாவட்டம் மணிமுத்தாற்றில் உள்ளது.

தமிழ்நாட்டில் இவ்வெண்ணத்திற்கு வேர் முன்பே உண்டு. டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் கோ. இராமச்சந்திரன் அவர்களும் 1947-இல் நிறுவிய காந்திகிராமத்தில், 1956-இல் கிராமிய உயர்கல்வி நிலையம் தோன்றியது. 1976-இல் அது பல்கலைக் கழகத்திற்கு நிகரான தகுதி பெற்றது. சுங்கடிச் சேலைக்குப் பெயர் பெற்ற சின்னாளப்பட்டிக்கு அருகிலுள்ள அந்நிலையத்தில் கிராம வளர்ச்சி, விவசாயம், கூட்டுறவு ஆகிய துறைகள் ஒரே வளாகத்தில் இயங்குகின்றன.

படிப்பின் முறை யாது? பல்கலைக் கழக மானியக் குழு 2022-இல் வெளியிட்ட விதிகளின்படி, இதன் காலம் குறைந்தது மூன்று ஆண்டு; பொதுவாக ஆறு ஆண்டுக்குள் முடித்தல் வேண்டும். முதற்கண் வகுப்பறைப் பாடங்கள். பின்னர் ஆராய்ச்சித் திட்டம். அதன் பின் களத்தில் தரவு திரட்டல். இறுதியில் ஆய்வேடும் வாய்மொழித் தேர்வும். வேறு துறையைச் சார்ந்த ஒருவரைத் துணை வழிகாட்டியாக ஏற்கவும் விதி இடந்தருகிறது. முதுகலையில் 55 விழுக்காடு மதிப்பெண் பெற்றவர் இதில் சேரத் தகுதியுடையவர். பிற்பட்டோருக்கும் தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் 5 விழுக்காடு சலுகை உண்டு. தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தேர்ந்தவருக்கு, 2023 ஜனவரி முதல் மாதம் ரூ. 37,000 என உயர்த்தப்பட்டது. வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளும் எட்டக்கூடிய படிப்பு இது.

‘பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்’ என்று சிலர் ஐயுறலாம். ஐயம் தக்கதே. எல்லாவற்றிலும் நுனிப்புல் மேய்ந்தவரால் பயனில்லை. ஆகவே, ஒரு துறையில் ஆழ்ந்த புலமையும், அண்டைத் துறைகளின் பேச்சைப் புரிந்து கொள்ளும் அளவு அறிவும் வேண்டும் என்பதே இப்படிப்புகளின் அளவுகோல். அங்ஙனமில்லாத படிப்பு பெயரளவினதே ஆகும்.

நம் வட்டாரத்திலும் இவ்வாறு ஆராயத்தக்கவை பல. கோமுகியும் மணிமுக்தாவும் கல்வராயன் மலையிற் பிறந்து சமவெளிக்கு வருகின்றன. மலையின் காட்டு வளம் குன்றினால் கீழே பாசனம் என்னாகும்? பத்து முதல் பன்னிரண்டு மாதம் நிலத்தில் நிற்கும் கரும்புக்குச் சொட்டு நீர் பாய்ச்சினால் தண்ணீர் மிஞ்சும். மிஞ்சிய நீரைக் கொண்டு இன்னும் சில ஏக்கரில் கரும்பு வைத்தால் நிலத்தடி நீர் ஏறுமா, இறங்குமா? மலைவாழ் மக்கள் திரட்டும் கடுக்காய், சாயத்தைத் துணியில் ஊன்றச் செய்ய உதவுவது. அதனைக் கொண்டு நெசவாளரும் மலைவாசிகளும் இருதரப்பும் பயனுற வழியுண்டா? செலவு கட்டுமா? இவற்றுள் எதுவும் ஒரே துறைக்குள் அடங்குவதன்று.

இவ்வகையில் சங்கங்களின் கடமை இரண்டு. கொள்முதல் ஏடு, கடன் பேரேடு, நூல் இருப்புக் கணக்கு, கிணற்று நீர்மட்டக் குறிப்பு ஆகியவற்றை ஆண்டுவாரியாகப் பேணி வைத்தல் முதலாவது. ஆராய்ச்சியாளருக்கு இவற்றினும் சிறந்த செல்வம் இல்லை. இரண்டாவது, ஆராய வருவோரிடம் நிபந்தனை கேட்டல். அங்கத்தினரின் சொந்தக் கடன் விவரங்கள் பெயருடன் வெளிப்படலாகாது. கண்ட முடிவைத் தமிழில் எழுதி, பொதுக்கூட்டத்தில் நேரில் வந்து விளக்க வேண்டும். தகவல் கொடுத்தவன் முடிவை அறியாதிருத்தல் முறையன்று.

நெசவாளரும் உழவரும் ஒரே ஆற்றின் நீரை உண்பவர்கள். ஒருவர் பிழைப்பு மற்றவர் பிழைப்பைக் கெடுக்காத வழியைக் காண்பதே இக்கல்வியின் பயன். அக்கல்வியைக் கற்க நம் பிள்ளைகளுள் சிலரேனும் முன்வருதல் வேண்டும். தறியையும் வயலையும் கண்டு வளர்ந்த அவர்களுக்கு, களத்தின் பாதி முன்பே தெரிந்திருக்கும்.