ஐந்து காலும் ஒன்றேகாலும்

பின்னம் என்றாலே நம் தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்குக் காய்ச்சல் வந்துவிடும். அதிலும் 'தகாப் பின்னம்' என்று ஆசிரியர் கரும்பலகையில் எழுதிவிட்டால் கேட்கவே வேண்டாம். மேலே உள்ள தொகுதி, கீழே உள்ள பகுதியைவிடப் பெரிதாக இருந்தால் அதற்கு அந்தப் பெயர். 5/4 ஓர் எடுத்துக்காட்டு. "நாலு துண்டுதானே சார் இருக்கு, அஞ்சு துண்டை எங்கேயிருந்து எடுக்கிறது?" என்று பிள்ளை கேட்கும். நியாயமான கேள்விதான். ஆங்கிலத்திலும் முறையற்றது என்ற பொருளில்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த எண் செய்த குற்றம் என்னவோ!

சிங்கப்பூர் போகும் தாய்மார்கள் சிராங்கூன் சாலை நகைக்கடைகளுக்குள் நுழையாமல் திரும்புவது அரிது. அங்கே தராசு கிராமில் காட்டும். நம்மவர் பேச்சோ பவுனில்தான். ஒரு பவுன் 8 கிராம். கால் பவுன் 2 கிராம். கால் பவுன் மோதிரம் ஐந்து வாங்கினால் 10 கிராம், அதாவது ஒன்றேகால் பவுன். ஐந்தாவது மோதிரம் எங்கிருந்து வந்தது என்று யாரும் திகைப்பதில்லை. மோதிரங்களை எண்ணினால் ஐந்து கால். அது தகாப் பின்னம், 5/4. மொத்த எடையைச் சொன்னால் ஒன்றேகால். அது கலப்புப் பின்னம், 1¼. இரண்டும் ஒரே தங்கம்.

கவனியுங்கள், கலப்புப் பின்னத்தை நம் தமிழ் முன்பே வாயில் வைத்திருக்கிறது. ஒன்றரை, இரண்டேகால், மூன்றேமுக்கால் என்று பள்ளிக்கூடமே போகாத பாட்டியும் சொல்வார். அந்த 'ஏ' என்ற ஓரெழுத்து செய்யும் வேலை பெரிது. 'இரண்டே முக்கால்' என்றால் 2¾. 'இரண்டு முக்கால்' என்றால் முக்கால் இரண்டு தடவை, அதாவது ஒன்றரை. 2¾ஐப் பார்த்து இரண்டையும் முக்காலையும் பெருக்கும் பிள்ளையிடம், அதை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். பாதித் தவறு அங்கேயே தீரும்.

சிங்கப்பூரின் கடைசித் தமிழ்வழிப் பள்ளியான உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளி 1982ல் மூடப்பட்டது. இப்போது அங்குள்ள தமிழ்ப் பிள்ளைகள் கணிதத்தை ஆங்கிலத்தில் படிக்கிறார்கள். 'ஒன்றேகால்' வீட்டில் கேட்டால்தான் உண்டு. நம் மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் அதைத் தமிழில் படிக்க இன்னும் வழியிருக்கிறது.

ஆனால் சிங்கப்பூரிடம் நாம் கற்க வேண்டியதும் உண்டு. 1980ல் அங்கே பாடத்திட்ட மேம்பாட்டுக் கழகம் அமைந்தது. கோ டெக் ஹோங் என்பவரின் குழு தொடக்கப்பள்ளிக் கணித நூல்களைப் புதிதாக எழுதியது. முதலில் பொருளைத் தொட வேண்டும், பிறகு படம் வரைய வேண்டும், எண் கடைசியில்தான். அமெரிக்க உளவியலாளர் புரூனரின் கருத்தை ஒட்டிய முறை இது. 1995ல் நடந்த அனைத்துலகக் கணித ஆய்வில் சிங்கப்பூர்ப் பிள்ளைகள் முதலிடம் பெற்றார்கள். தகாப் பின்னம் அங்கே தொடக்கநிலை நான்கில் வருகிறது.

இதை அடுப்படியிலேயே செய்யலாம். இரண்டு தோசை சுட்டு, ஒவ்வொன்றையும் நான்காக வெட்டுங்கள். ஐந்து துண்டை எடுத்து வைத்து, "இது எவ்வளவு தோசை?" என்று கேளுங்கள். பல பிள்ளைகள் 5/8 என்பார்கள். உடனே தலையில் குட்டிவிடாதீர்கள். எட்டில் ஐந்தை அது சரியாகத்தான் எண்ணியிருக்கிறது. எது 'ஒன்று' என்பதில்தான் குழப்பம். இரண்டு தோசையும் சேர்ந்து ஒன்று என்று அது நினைத்துவிட்டது. ஒரு தோசைதான் ஒன்று என்று காட்டினால், நான்கு துண்டைச் சேர்த்து முழுசாக்கி, மிச்சம் ஒரு துண்டைத் தனியே வைத்து, "ஒண்ணேகால்" என்று தானே சொல்லும். அதன் பிறகு தாளில் நீளக் கட்டங்களாக வரையச் சொல்லுங்கள்.

"பகுதியால் பெருக்கு, தொகுதியைக் கூட்டு" என்ற சூத்திரத்தை முதல் நாளே மனப்பாடம் செய்ய வைப்பது எனக்கு உடன்பாடில்லை. நாலு நாளில் அது தலைகீழாகிவிடும். இரண்டே முக்கால் பவுனில் எத்தனை கால் பவுன்? ஒரு பவுனுக்கு நான்கு, இரண்டுக்கு எட்டு, முக்காலில் மூன்று. ஆகப் பதினொன்று, 11/4. இப்படிச் சொல்லிச் சொல்லிப் பழகிய பிள்ளை சூத்திரத்தைத் தானே கண்டுபிடித்துக்கொள்ளும்.

இன்று இரவு கேட்டுப் பாருங்கள்: தேக்காவில் மூன்றரை முழம் மல்லிகைச் சரம் வாங்கி, ஆளுக்கு அரை முழமாகக் கொடுத்தால் எத்தனை பேர் தலையில் வைக்கலாம்?