எழுத வேண்டாம், சொல்லத் தெரிந்தால் போதுமா?

2026 ஏப்ரல் முதல் இங்கிலாந்தில் சின்னப் பிள்ளைகளைப் பராமரிக்கும் இடங்களை ஆய்வு அமைப்பான ஆஃப்ஸ்டெட் நான்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது சோதிக்கும் என்று அரசு அறிவித்திருக்கிறது. அதற்கு முன்பு அது ஆறு ஆண்டாக இருந்தது. புதிதாகப் பதிந்தவர்களின் வீட்டுக்கு 18 மாதத்துக்குள் ஆள் வரும். அறிவிப்புக்குப் பிறகு, சைல்ட்மைண்டர்களாக வீட்டில் பிள்ளை பார்க்கும் வாசகிகளின் கடிதங்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைச் சுற்றி வருகின்றன: எத்தனை பாலிசி, அதாவது நடைமுறைக் குறிப்பு, எழுதி வைக்க வேண்டும்? சிலர் இணையத்தில் காசு கொடுத்து ஒரு ஃபைல் நிறைய வாங்கிவிட்டார்கள்.

பாலிசியை எழுதி வைக்க வேண்டும் என்று சட்டம் கேட்கவே இல்லை. 2024 ஜனவரியில் சைல்ட்மைண்டர்களுக்கென்று தனியாக வந்த, சிறுவயதுப் பராமரிப்புக்கான ஈவைஎஃப்எஸ் விதிநூல் இதைத் தெளிவாகச் சொல்கிறது. எழுத்தில் பாலிசி இல்லாவிட்டாலும் பரவாயில்லை; பெற்றோர் கேட்டாலும் இன்ஸ்பெக்டர் கேட்டாலும் விளக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஆபத்து மதிப்பீடும் அப்படித்தான், பயன்படும் என்று நீங்கள் நினைக்கும் இடத்தில் மட்டும் எழுதினால் போதும். அதிகாரிகள் இதைச் சுமைக் குறைப்பு என்கிறார்கள். எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. பாரம் கையிலிருந்து நாக்குக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். நர்சரியில் மேனேஜர் ஒரு தாளை எடுத்து நீட்டிவிடலாம். வீட்டில் தனியாக நிற்கும் பெண்ணோ, ஒரு பிள்ளைக்குச் சோறு ஊட்டியபடி, இன்னொன்று காலைப் பிடித்து இழுக்க, அதே விஷயத்தை ஆங்கிலத்தில் கோவையாகச் சொல்ல வேண்டும். ஆபத்து நேரத்தில் உதவிக்கு அழைக்கவும் மருந்துச் சீட்டை வாசிக்கவும் ஆங்கிலம் வேண்டும் என்பது நியாயம். ஆனால் என்ன செய்வது என்று தெரிந்திருப்பது வேறு, அதை முன்பின் தெரியாத ஒருவர் முன் தடுமாறாமல் விவரிப்பது வேறு. ஆங்கிலத்தை வளர்ந்த பிறகு படித்தவர்களுக்கு இந்த இடைவெளி பெரியது. விதி எழுதியவர்கள் அதை எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இப்படி விளக்குவதில் தவறினால் விளைவும் பெரிது. 2025 நவம்பரில் வந்த புதிய சோதனை முறையில் மற்றவற்றுக்கு ஐந்து படி மதிப்பீடு உண்டு. பிள்ளைப் பாதுகாப்புக்கு மட்டும் இரண்டே முடிவு: நிறைவேறியது, நிறைவேறவில்லை. இன்ஸ்பெக்டர் கேட்கக்கூடியவை இவை: இன்னும் தவழாத குழந்தையின் காதோரம் கன்றிப் போயிருந்தால் யாருக்கு ஃபோன் செய்வீர்கள்? உங்கள் கணவர்மீதே ஒருவர் புகார் சொன்னால்? இரண்டாவது கேள்வியில்தான் பலர் உறைந்துபோகிறார்கள். அதற்குப் பதில்: உள்ளூர் கவுன்சிலில் இதற்கென்றே இருக்கும் அதிகாரிக்கு, அதாவது லாடோவுக்கு, உடனே சொல்ல வேண்டும், ஆஃப்ஸ்டெட்டுக்கும் கூடிய சீக்கிரம், கட்டாயம் 14 நாளுக்குள், அறிவிக்க வேண்டும்.

ஆகவே கடைப் பாலிசியை ஒதுக்கிவிட்டு, உங்கள் வீட்டில் என்ன நடக்கும் என்பதை உங்கள் சொல்லில் ஒரு பக்கம் எழுதிக்கொள்ளுங்கள். முதலில் தமிழில் எழுதினாலும் சரி. பிறகு யாரையாவது கேட்கச் சொல்லி ஆங்கிலத்தில் வாய்விட்டுப் பதில் சொல்லிப் பழகுங்கள். வாங்கிய ஃபைலில் உங்கள் வீட்டில் இல்லாத மேனேஜரைப் பற்றியும் ஊழியர் அறையைப் பற்றியும் எழுதியிருக்கும். தாள் ஒன்று சொல்லி வாய் வேறொன்று சொன்னால், தாள் இல்லாததைவிட அது மோசம்.

எழுத்தில் இருந்தே ஆக வேண்டியவை தனி: வரவும் நேரமும் குறித்த பதிவேடு, விபத்தும் முதலுதவியும், ஒவ்வொரு மருந்துக்கும் பெற்றோரின் எழுத்து அனுமதியும் கொடுத்த விவரமும், புகார்கள், இரண்டு வயதுப் பிள்ளையின் முன்னேற்றச் சுருக்கம். 2025 செப்டம்பர் முதல், உணவு தொண்டையில் அடைத்து நீங்கள் தலையிட நேர்ந்தால் அதையும் எழுத வேண்டும்.

ஒப்பந்தத்தைப் பற்றிய பயம் பெருமளவு வீண். கட்டணம், விடுமுறை, நோட்டீஸ் காலம் எல்லாம் உங்களுக்கும் பெற்றோருக்கும் இடையிலானவை. இன்ஸ்பெக்டர் அதற்கு மதிப்பெண் போடுவதில்லை. ஆனால் பிள்ளை யாரோடு வசிக்கிறது, சட்டப்படி பெற்றோர் பொறுப்பு யாருக்கு, அவசர எண்கள் எவை என்ற கட்டாய விவரங்களைப் பலர் ஒப்பந்தத்துக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். அவற்றைத் தனித் தாளுக்கு மாற்றுங்கள். அரசு பணம் தரும் இலவச மணிநேரம் கொடுப்பவர்கள் அஞ்ச வேண்டியது கவுன்சிலுக்கு. உணவு, நாப்பி போன்றவற்றுக்கான கட்டணத்தை இலவச மணிநேரம் பெறுவதற்கான நிபந்தனையாக்கக் கூடாது. அரசு தரும் தொகைக்கும் உங்கள் கட்டணத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பெற்றோரிடம் கேட்கவும் கூடாது. 2026 ஜனவரிக்குள் பில்லில் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிய வேண்டும் என்பதும் விதி. பழைய ஒப்பந்தத்தில் சாப்பாட்டுப் பணம் கட்டாயம் என்ற வரி இருந்தால் இன்றே அடித்துவிடுங்கள்.

மற்றக் கேள்விகள். வீட்டில் இருக்கும் மகனுக்கு 16 வயது ஆகிறதே? அவனுக்கும் டிபிஎஸ் என்ற குற்றப் பின்னணிச் சோதனை வேண்டும்.

சொந்தப் பிள்ளைகள் எண்ணிக்கையில் சேருமா? சேரும், பொதுவாக அதிகபட்சம் எட்டு வயதுக்குட்பட்டோர் 6, அதில் ஐந்துக்குட்பட்டோர் 3, ஒரு வயது நிரம்பாதது 1.

இன்ஸ்பெக்டர் வருவதை முன்கூட்டிச் சொல்வார்களா? வழக்கமாக, அதிகபட்சம் ஐந்து வேலைநாள் முன்பு ஃபோன் வரும். புகாரின் பேரில் வருகிறவர்கள் சொல்லாமலும் வரலாம்.

முதலுதவிச் சான்றிதழ்? மூன்று ஆண்டுதான் செல்லும்.

வேல்ஸ், ஸ்கொட்லாந்து? அங்கே வேறு அமைப்பு, வேறு விதி.

பெற்றோரின் எழுத்துப் புகாருக்கு எத்தனை நாள்? விசாரித்த முடிவை 28 நாளுக்குள் அவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும்.